கறளுக்குப் பூச்சியம்

நீராவி எஞ்சினை நான் நேரில் கண்டதில்லை.
கொதிகலனின் சுற்றளவு தெரியும்,
ஆறு பெருஞ்சில்லின் ஆரையும் தெரியும்.
இரண்டாயிரத்து நூற்றுப் பதினாறு தறையாணியையும்
ஒவ்வொன்றாய் வைத்தவள் நான்தான்,
மாங்குளத்தில், மல்லாவி றோட்டுப் பக்கம்.
தகரக் கூரைக்குக் கீழே பகலில் கணினி கொதிக்கும்.
அதனால் இரவில்தான் வேலை.

டங்கன் எழுதுகிறார், ஸ்கொட்லாந்திலிருந்து:
வடிவாயிருக்கு. ஆனால் பிளாஸ்ரிக்.

பிளாஸ்ரிக்தான்.
கறுப்பைக் கூட்டினேன், பிளாஸ்ரிக்.
எண்ணெய் ஒழுகவிட்டேன்,
எண்ணெய் பட்ட பிளாஸ்ரிக்.
கறள் பூசினேன். மிளகாய்த்தூள் கொட்டுண்ட
விளையாட்டுச் சாமான் மாதிரி வந்தது.

மெற்றாலிக் என்றொரு கட்டம் உண்டு.
இரும்பென்றால் ஒன்று,
இல்லையென்றால் பூச்சியம்.
இடையில் எதையும் வைக்காதே என்பது தொழில் விதி.
கறளுக்குப் பூச்சியம்.
இரும்பில் பிறந்து, இரும்பைத் தின்று,
இரும்பின் உருவத்தில் நிற்கிற ஒன்றைக்
கணினி மண்ணோடும் மரத்தோடும் சேர்த்துவிடுகிறது.
எனக்கது ஒப்பவில்லை.
நகத்தால் சுரண்டிப் பார்த்த அன்றைக்கு ஒப்பினேன்.
மண்தான்.

சுரண்டியது தவரூபன் வளவுத் தண்டவாளத்தில்.
ஒன்பதடித் துண்டு.
பங்கருக்கு மேலே கிடந்ததைக் கிண்டி எடுத்து
மாட்டுக்கொட்டிலுக்குத் தூணாய் நட்டிருக்கிறார்.
அடியில் சிமெந்து. உச்சியில் அன்றைக்கு ஒரு சேவல்.

சிவலை அதிலேதான் கழுத்துத் தேய்க்கும்.
விடியவும் பின்னேரமும்,
பால் கறக்க முன்னும் கறந்த பின்னும்,
உண்ணி கடித்தாலும் கடிக்காவிட்டாலும்.
அந்த உயரத்தில் மட்டும்
இரண்டு சாண் நீளத்துக்கு இரும்பு திறந்திருந்தது,
கண்ணாடிக்கு ஒரு படி முந்தின மங்கலாய்.
தவிட்டு நிறம் வெள்ளிக்கு மாறுகிற ஓரத்தில்
நாவல்பழம் தின்ற நாக்கின் ஊதா.
அந்த ஊதாவைத்தான்
இத்தனை இரவும் நான் விட்டிருந்தேன்.

போனில் நாற்பது படம் எடுத்தேன்,
வெயிலில், பிறகு கையால் மறைத்து, பிறகு தண்ணி தெளித்து.
"மாடு இஞ்சால நிக்குது பிள்ளை" என்றார் தவரூபன்.

சாரதி பிடித்தேறுகிற கைப்பிடிக்குச்
சிவலையின் கழுத்தைப் போட்டேன்.
நிலக்கரித் தொட்டிக்கு அதே தண்டவாளத்தின் கீழ்ப்பாதிக் கறள்.
கீழ்ப்பாதியில் ஒரு குழி இருந்தது,
கச்சான் கோது அளவில், விளிம்பு மழுங்கி.
இங்கே வளர்ந்த கண்ணுக்கு அது படவில்லை.
ஒரு படத்தை ஓடு மாதிரி அடுக்கித்தான்
பெரிய தகடுகளை நிரப்புவது வழக்கம்.
ஒரேயொரு செல் துண்டு
முப்பத்தாறு இடத்தில் விழுந்திருந்தது.

டங்கன் எழுதினார்:
கைப்பிடி அற்புதம்.
ஐம்பது வருசம் மனிதர் பிடித்த இரும்பு அது.
எப்படிப் பிடித்தாய்?
பின்குறிப்பு, தொட்டியில் ஆணி கழன்ற குழிகள்
கொஞ்சம் கூடிப்போச்சு.

மாடு என்று எழுதினேன். அழித்தேன்.
குழிகளைத் திருத்துகிறேன் என்று மட்டும் அனுப்பினேன்.
பக்கத்துக் கறளை நகலெடுத்து
மூலப் படத்தில் ஒருமுறை தடவினால் போதும்.
முப்பத்தாறும் ஒன்றாய் மூடிக்கொண்டன.
திரும்பக் கொண்டுவந்தேன்.
பார்த்துக்கொண்டிருந்தேன், நாலு மணிக் கோச்சி
மேசையை நடுக்கிக்கொண்டு போகும் வரைக்கும்.
அது டீசல்.
திரையில் நின்ற எஞ்சின் அசையவில்லை.
திரும்பவும் மூடினேன்.
வேலை வேலைதானே.

காசு வெள்ளிக்கிழமை வந்தது.
கிராபிக்ஸ் காட் தவணை போக மிச்சத்தில்
அரை மூடை புண்ணாக்கு வாங்கிக்கொண்டு போனேன்.
எதுக்கு இது என்று தவரூபன் மூன்றுதரம் கேட்டார்.
சிவலை ஒன்றும் கேட்கவில்லை.
தின்றது, வாளியைக் கவிழ்த்தது,
போய்த் தேய்த்தது.