ஐந்து அவுன்ஸ்

பயிற்சிக்குக் கட்டணம் இல்லை என்றுதான்
ஒப்பந்தத்தின் பதினோராம் பிரிவு தொடங்குகிறது.
அடுத்த வரியிலிருந்து
எழுத்து சிறுத்துவிடுகிறது.

மைனாட்டிலிருந்து டல்சாவுக்கு, டென்வரில் மாறி,
மூன்று விமான டிக்கெட்.
பதினான்கு இரவுக்கு இரண்டு அறை.
வாடகைக் கார், அதற்குப் பெட்ரோல், மூன்று வயிறு,
கற்றுக்கொள்ளும் நாளுக்கும் மணிக்கணக்கில் சம்பளம்,
நான்காவது ஆள் வந்தால் தலைக்குத் தனி.
சுண்டைக்காய் கால்பணம்
சுமைகூலி முக்கால்பணம்.
சுமப்பவள் ஓர்லா நிஸ்டாட்.
தானியக் கிடங்கில் இருபத்திரண்டு வருடம்
பிறத்தியார் கோதுமைக்குக் கணக்கு எழுதியவள்.
இப்போதுதான் பேரேட்டின் தலைப்பில்
அவள் பெயர்.

டல்சாவின் பயிற்சிக் கூடத்துக்கு ஜன்னல் கிடையாது.
பன்னிரண்டு இயந்திரம், பன்னிரண்டு தராசு.
கோனை நேராகப் பிடி, நெம்புகோலை இழு,
ஒரு சுற்று, அதைவிடச் சின்னச் சுற்று,
இன்னும் சின்னது,
பிறகு மணிக்கட்டைச் சட்டென்று இறக்கு.
நுனி வளைய வேண்டும்.
நுனி வளையாதது வாளிக்கு.

ஐந்து அவுன்ஸ் என்பது சட்டம்.
ஓர்லாவின் கை ஏழு போட்டது.
"அந்த இரண்டு அவுன்ஸ்
உங்கள் கடையின் ஆகஸ்ட் வாடகை" என்றார்
பயிற்சியாளர் ப்ரூஸார்ட், சிரிக்காமல்.
இரவு ஓட்டல் மேசையில் பெருக்கிப் பார்த்தாள்.
செப்டம்பரில் பாதியும் சேர்ந்து வந்தது.

ட்ரிஸ்டாவுக்கு ஒரே நாளில் வந்துவிட்டது.
பேசிக்கொண்டே போடுவாள், தராசைப் பார்க்கமாட்டாள்,
முள் ஐந்தில் போய் நிற்கும்.
ஹோல்டனுக்கு வயது பத்தொன்பது.
அவன் போட்டதெல்லாம் இடப்பக்கம் சாய்ந்தன,
காற்றில் நிற்கும் ஆளைப்போல.
எழுபதுக்குத் தேர்ச்சி. எழுபத்தொன்று வாங்கினான்.

ஜூன் ஒன்று திறப்பு.
மே இருபத்தேழு காலை செல்போனில் ஒரு செய்தி:
விமானப்படையில் இருக்கும் கணவனுக்குக்
குவாமுக்கு மாற்றல். மன்னிக்கவும்.
ஓர்லா பேரேட்டைத் திறந்து
ட்ரிஸ்டாவின் பங்கைத் தனியே கூட்டினாள்.
நாலாயிரத்து நூற்றுப் பதினெட்டு டாலர்,
ஒரு மணிக்கட்டுக்குள் போய் உட்கார்ந்துகொண்டு
கடல் தாண்டப் போகிறது.
இயந்திரம் என்றால் தேய்மானம் எழுதலாம்.
ஆளுக்கு எந்தப் பத்தி?

டல்சாவுக்குப் போன் செய்தாள்.
சான்றிதழ் அவரவர் பெயருக்கு,
இன்னொருவருக்கு மாற்ற இயலாது,
அடுத்த வகுப்பு மூன்று வாரம் கழித்து,
கட்டணம் இல்லை.

மே முப்பத்தொன்று, மாலை ஏழு மணி.
பெட்டிகள் கட்டிய கையோடு ட்ரிஸ்டா வந்தாள்.
பெயர் அச்சிட்ட தொப்பியைத் திருப்பிக் கொடுக்க
என்றுதான் சொன்னாள்.
தொப்பியைக் கல்லாமேல் வைத்துவிட்டு
ஹோல்டனின் முழங்கையைப் பிடித்துத் திருப்பினாள்.
"உன் கை சரி. நீ நிற்பதுதான் கோணல்."
பதினொன்று வரை நின்றார்கள்.
அறுபத்து மூன்று கோன் வாளிக்குப் போயிற்று.
அறுபத்து நான்காவதை அவளே
நின்றபடி தின்றாள். ஒன்றும் சொல்லவில்லை.

ஓர்லாவுக்குக் கட்டிப்பிடிக்கவெல்லாம் வராது.
நான்கு மணி நேரம், மணிக்குப் பதினான்கு,
வேளை மீறியதால் ஒன்றரை மடங்கு:
எண்பத்து நான்கு டாலருக்குக் காசோலை எழுதி
வாசல்வரை போய்க் கையில் திணித்தாள்.

ஜூலை முடிகிறது.
வரிசை வாகன நிறுத்தம்வரை நீள்கிறது.
ஹோல்டனின் கோன் ஐந்து அவுன்ஸ்தான்,
சாய்மானம் மட்டும் கொஞ்சம் மிச்சம்,
பிள்ளைகள் அவன் பக்கமே நிற்கிறார்கள்.
காசோலை இன்னும் வங்கிக்கு வரவில்லை.
பேரேடும் வங்கியும்
எண்பத்து நான்கு டாலரில் இடிக்கின்றன.
ஒரு சென்ட் பிசகினாலும்
கிடங்கில் விளக்கணைக்காதவள்,
"வரவேண்டியது" என்று எழுதி அடித்து,
"தரவேண்டியது" என்று எழுதி,
தொகையை அடுத்த பக்கத்துக்கு
எடுத்துச் செல்கிறாள்.