ஒன்றரை மணி வெடி

பகல் முழுக்க கிரூனாவின் வயிற்றுக்குள்
ஆளில்லாத வண்டி ஒன்றை ஓட்டுகிறேன்.
வண்டி ஆயிரத்துச் சொச்சம் மீட்டர் கீழே.
நான் மேலே, ஹீட்டர் போட்ட அறையில், வெறும் காலுறையோடு.
அள்ளு. திரும்பு. கொட்டு.
ஒரு வாளி இரும்புக்கல், இன்னொரு வாளி.
விரல் மட்டும் சுரங்கத்துக்குப் போய் வருகிறது.

இரவிலும் அதே விரல்தான்.
ஜன்னலுக்கு வெளியே டிசம்பர்,
சூரியன் தலைகாட்டிப் பதினொரு நாள் ஆயிற்று.
திரைக்குள் கொஞ்சம் வெயில் வைத்திருக்கிறார்கள்.
பாதி அதற்காகத்தான் போகிறேன் என்றால்
ரௌனி நம்ப மாட்டாள்.

உள்ளே போவது சுலபம்.
கத்தி ஒன்று, கட்டுத்துணி இரண்டு, அரைக் குப்பி தண்ணீர்.
பூட்டாத வீடுகளைத் துழாவ வேண்டும்:
பட்டாணி டப்பா, செம்புக் கம்பி,
யாரோ முடிக்காமல் விட்டுப்போன மாத்திரை அட்டை.
பசிக்கு ஒரு கோடு, குளிருக்கு ஒரு கோடு,
இரண்டும் மெழுகாய்க் கரைந்துகொண்டே வரும்.
எடுத்தது எதுவும் நம்முடையது இல்லை,
வெளியேறும்வரை.
வழியில் செத்தால் பூட்ஸ்கூட மிஞ்சாது.

அன்றைக்கு என் பையில் ரேடியோ வால்வு இருந்தது.
மூன்று வாரம் நாயாய் அலைந்தது அதற்குத்தான்.
படகுத்துறையில் சிவப்புப் புகை வீசினேன்.
படகு வர நாலு நிமிடம்.
புகை எல்லோர் கண்ணுக்கும் தெரியும்.
காப்பாற்று என்று கத்துகிறவன்
தன் விலாசத்தையும் சேர்த்தே கத்துகிறான்.

மூன்றாவது நிமிடம்
உப்புக் கிடங்குக்குப் பின்னால் ஒரு காலடி.
நின்றது.
ஒரு தோளின் ஓரம் என் குறிமுள்ளில் வந்து உட்கார்ந்தது.
பாவி, மைக்கை அணைக்க மறந்திருந்தான்.
மூக்கை உறிஞ்சுவது கேட்டது.
காய்ந்த ரொட்டியை மொறுமொறுவென்று மெல்லுவதும்.

அப்போது மணி ஒன்றரை.
சுரங்கத்தில் வெடி வைத்தார்கள்.
தினம் வைப்பதுதான்,
ஊர் ஒருமுறை புரண்டு படுக்கும், அவ்வளவே.
என் மேசை தோளைக் குலுக்கியது.
அலமாரியில் டம்ளர்கள் பல்லைக் கடித்தன.
ஹெட்போனுக்குள்ளும்
டம்ளர்கள் பல்லைக் கடித்தன.
அவை என்னுடையவை இல்லை.

உலகமே ஆடுகிற ஆட்டம் இது.
பிரேசில்காரன் என்னைக் கொன்றிருக்கிறான்,
கொரியாவில் ஒருத்தி என் கோட்டை உருவியிருக்கிறாள்.
இவனோ என் ஊர். ஒருவேளை என் தெரு.
ஒருவேளை மாடியில்
வெள்ளிக்கிழமை தோறும் நாற்காலி இழுக்கிற அந்த ஆள்.
அவன் கதவிடுக்கிலும் விழுந்திருக்கும் அதே கடிதம்:
நிலம் இறங்குகிறது, கோடைக்குள் காலி செய்யவும்.
அவன் ஃப்ரிட்ஜிலும் ஒட்டியிருக்கும் ஒரு பட்டியல்,
எதைத் தூக்கிப்போவது, எதை விடுவது.

'நீயும் கிரூனாவா?'
துப்பாக்கியைத் தாழ்த்திவிட்டுக் கேட்டேன்.
அங்கேதான் புத்தி கெட்டது.
மெல்லுவது நின்றது.
ஒரு மிடறு நேரம் யோசித்தான்.
பிறகு சுட்டான்.

'மன்னிச்சுக்கோ' என்றான் சுவீடிஷில்,
'உன் பை ரொம்பப் பெரிசு.'
திரை கறுத்த பிறகும்
அவனுக்காக வந்த படகின் மோட்டார் கேட்டுக்கொண்டிருந்தது.

காலை ஐந்தே முக்கால் பஸ்.
யார் ராத்திரி தூங்கவில்லை என்று முகம் முகமாய்ப் பார்க்கிறேன்.
ஒருவரும் தூங்கின மாதிரி இல்லை.
ஆன்டெ மூக்கை உறிஞ்சுகிறான்,
பெர்-ஊலா உறிஞ்சுகிறார்,
டிரைவரும்.
டிசம்பரில் இதெல்லாம் சாட்சி ஆகாது.

திருப்பத்தில் பஸ் நின்றது.
முன்னால் லாரி மேல் ஒரு வீடு போகிறது,
மஞ்சள் விளக்குகள் சுழல, நத்தை வேகத்தில்.
சமையலறைத் திரைச்சீலையைக் கழற்ற மறந்துவிட்டார்கள்,
அது எங்களைப் பார்த்து ஆடுகிறது.
'நாலு நிமிஷம் ஆகும்' என்றார் டிரைவர்.

ஒருவரும் பேசவில்லை.
பின் இருக்கையில் யாரோ
காய்ந்த ரொட்டியை மெல்லுகிறார்கள்.

'அந்த வால்வை மட்டும் வித்துடாதே'
என்றேன், பொதுவாக,
ஜன்னலில் படிந்த பனியைப் பார்த்து.

மெல்லுவது நின்றது.