உச்சரிப்புப் பிழை

கோபிக்கு அவள் வந்தது ஒரு ஜூன் மாதம்,
பின்லாந்திலிருந்து,
ஜீப் நிறையப் புத்தகப் பெட்டிகளோடு.
பெயர் ஹில்க்கா.
எங்கள் கெர் கூடாரத்தின் வாசல் குள்ளம்;
தலையை இடித்துக்கொண்டுதான் உள்ளே வருவாள்,
ஒவ்வொரு முறையும்.

அந்தக் கோடை முழுக்க
ஒரே வாக்கியம் வைத்திருந்தாள்:
கடவுள் என்றால் அன்பு.
எங்கள் மொழியில் அன்புக்கு ஹைர்.
நாக்கு கொஞ்சம் சோம்பினால் ஹர்.
ஹர் என்றால் கறுப்பு.

கடவுள் கறுப்பு, என்றாள் என் கணவன் தம்தினிடம்.
கடவுள் கறுப்பு, என்றாள் கிணற்றடியில்.
செவெக்மித் செத்த வீட்டில்
அவன் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு
கண்ணீரோடு சொன்னாள்,
கடவுள் ரொம்பக் கறுப்பு.

யாரும் திருத்தவில்லை.
விருந்தாளியின் நாக்கைப் பிடித்து இழுப்பது
எங்கள் வழக்கமில்லை.
உப்புத் தேநீர் ஊற்றிக் கொடுத்தோம்.
குடித்துவிட்டு மறுபடி சொன்னாள்.

அந்தக் குளிர்காலம் பனி விழவில்லை.
பனி மூடி மந்தை செத்தால் அது வெள்ளைப் பஞ்சம்.
பனியே இல்லாமல், கிணறும் கல்லாகி,
தாகத்தில் செத்தால் அதற்குப் பெயர்
ஹர் ஸூட்: கறுப்புப் பஞ்சம்.
"கூப்பிட்டுக்கொண்டே இருந்தாளே, வந்துவிட்டது"
என்றாள் நாத்தனார்,
மெதுவாகத்தான்.

ஜனவரியில் வந்தாள். தலையை இடித்துக்கொண்டாள்.
வாயைத் திறந்தாள்.
வெளியே ஆடுகள்
இரும்புக் கம்பியை நக்கிக்கொண்டிருந்தன.
திறந்த வாயை மூடிக்கொண்டாள்.

பதினாறு பெட்டிகளையும்
எங்கள் பட்டியோரம் இறக்கிவைத்தாள்.
நாற்பது கிலோமீட்டர் ஓட்டிப்போய்
ஆற்றை வெட்டிக்கொண்டு வந்தாள்,
கட்டி கட்டியாக.
கோடரி பிடிக்கத் தெரிந்திருந்தது;
அது அவள் ஊர் வேலையாக இருக்கும்.
நான் வறட்டி மூட்டி உருக்குவேன்.
அவள் திரும்பவும் போவாள்.
மார்ச் வரை.
இடது சுண்டுவிரலின் நுனி
அந்த ஆற்றிலேயே போயிற்று.

ஜெபித்திருப்பாள்.
ஜீப்புக்குள் உதடு அசைவதைப் பார்த்திருக்கிறேன்.
எங்களிடம் சொல்லிக் காட்டியதில்லை.
செத்ததைத் தோலுரிக்கும்போது
எதிரே காலைப் பிடித்துக்கொள்வாள். அவ்வளவுதான்.

வசந்தத்தில் உலான்பாத்தரிலிருந்து
அவள் சபைப் பெரியவர் எஸ்கோ வந்தார்,
கையில் ஒரு நோட்டுப் புத்தகம்.
எத்தனை என்று கேட்டாராம்.
பிற்பாடு அவர் டிரைவர்தான்
வயிற்றைப் பிடித்துக்கொண்டு எங்களுக்குச் சொன்னான்.
நாற்பத்தொன்று, என்றிருக்கிறாள்.
மனிதர் முகம் மலர்ந்து எழுதிக்கொண்டார்.
குடும்பம் குடும்பமாகவா?
இல்லை, பன்னிரண்டு குட்டிகள், மிச்சம் தாய்கள்.
முந்நூறில் பிழைத்தது அவ்வளவு.

அவரும் நல்லவர்தான்.
பேனாவை மூடிவிட்டு
தாயில்லாக் குட்டி ஒன்றுக்குப் பால்புட்டி பிடித்தார்.
பிடிக்கத் தெரியவில்லை.
சட்டையெல்லாம் பால்.

விடியலில் நான் இன்னும்
ஒன்பது குழி கொண்ட மரக்கரண்டியால்
வானத்துக்குப் பால் தெளிக்கிறேன்.
அவள் என் வானத்தைக் கும்பிடுவதில்லை.
வாளியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள்.
அப்படி நின்ற ஒரு காலையில்தான் சொன்னேன்:
ஹர் இல்லை, ஹைர்.
முதலில் விளங்கவில்லை.
பிறகு அந்தக் கோடை முழுவதும்
ஒவ்வொரு வாசலாக அவளுக்குள் திரும்பி வந்தது;
கடைசியாகச் செவெக்மித் வீட்டு வாசல்.
வாளியைக் கீழே வைத்தாள்.
வறட்டிக் குவியலில் உட்கார்ந்துவிட்டாள்.
சிரித்தாளா அழுதாளா, எனக்குத் தெரியாது.
காற்று அந்தப் பக்கம் வீசியது.

இப்போது சரியாகத்தான் சொல்கிறாள்,
அபூர்வமாகச் சொல்லும்போது.
கெட்டுப்போனது எங்கள் வீடு.
இரவில் தேநீர்க் கிண்ணத்தை நீட்டும்போது
தம்தின் என்னிடம் ஹர் என்கிறான்,
தரையைப் பார்த்துக்கொண்டு.
முப்பத்தெட்டு வருடத்தில்
சரியான அந்தச் சொல்லை
ஒருமுறையும் அவன் சொன்னதில்லை.