எடைமேடை

பணகுடிக் கிரஷரில் லாரி நிறுக்கிறவன் நான்.
பழைய காலண்டர்த் தாளின் பின்பக்கம்
மாலத்தீவுக்குக் கணக்குப் போடுகிறாள் ஜெபக்கனி.
திருவனந்தபுரத்தில் ஏறினால்
மெட்ராஸ் போறதவிடக் கிட்டத்தானாம்.
தண்ணிமேல் வீடு ஒரு ராத்திரிக்கு
என் மூன்று மாசச் சம்பளம்;
அதை அடித்துவிட்டு
'சாதா ரூம், ஃபேன் போதும்' என்கிறாள்.

"அங்க பாக்க என்னட்டி இருக்கு?"
"கடலு."
"அப்ப உவரியில கெடக்கது என்ன, கொளமா?"
"அது கருநீலம்லா. அங்க கிளிப்பச்சையாம்."

இதை அவளிடம் சொல்லவில்லை:
போன மாசம் மட்டும் நூற்றுப் பதினாறு லோடு
தூத்துக்குடிக்கு அனுப்பினேன்.
பார்ஜில் ஏறிப் போய், கடலைத் தூர்த்து,
அங்கே தீவைப் பெரிசாக்குகிறது நம்ம கல்.
மேற்கே இப்போது வானம் கூடுதலாகத் தெரிகிறது.

"கைப்பை ஏழு கிலோவுக்கு மேல விடமாட்டானாம்"
என்று கவலைப்படுகிறாள்.

பாதிப் பொத்தை
நமக்கு முன்னமே போயாச்சு, ஜெபா.