பத்தடி

இந்தக் கோட் என்னுடையது இல்லை.
கம்பெனியின் கோட். எனக்கு முன்னால் போட்டவனின் வியர்வை
அக்குளில் வெள்ளைக் கோடாகக் காய்ந்திருக்கிறது.
சலவைக் கூலி மட்டும் என் பொறுப்பு.

வேலை எளிது.
மிரட்டக் கூடாது, தொடக் கூடாது,
வாய் திறக்கவே கூடாது.
உயரத் தொப்பி, வால் வைத்த கறுப்புக் கோட்,
'வசூல்' என்று வெள்ளையில் எழுதிய கைப்பெட்டி.
உள்ளே என் மதிய ரொட்டி.
பத்தடி பின்னால் நடந்தால் போதும்.
மற்றதை ஊர் பார்த்துக்கொள்ளும்.

பதினோரு மாதமாக ஃபெர்மின் லகாசாவின் பின்னால் நடக்கிறேன்.
அசல் ஒன்பதாயிரம் யூரோ.
ரொட்டி அடுப்பு வாங்க பசிலியோவிடம் கைமாற்று.
சீட்டு மேசையில் இருவரும் ஒரே கட்சியாம், இருபது வருஷம்.
அடுப்பு போயிற்று. கடை போயிற்று.
கடை இருந்த இடத்தில் இப்போது கைபேசிக்கு உறை விற்கிறார்கள்.
வட்டி மட்டும்
பக்கத்து வீட்டுப் பையனைப் போல
பார்க்காதபோது உயரமாகிவிட்டது.

முதல் வாரம் சந்துக்குச் சந்து பதுங்கினார்.
இரண்டாம் மாதம் திட்டினார், என் அம்மாவையும் சேர்த்து.
மார்ச்சில் சரகோசாவின் வடகாற்று
தொப்பியைப் பிடுங்கி டிராம் தண்டவாளத்தில் உருட்டிற்று.
அவர் காலடியில் போய் நின்றது அது.
எடுத்தார், முழங்கையால் துடைத்தார்,
சுவரோரம் வைத்துவிட்டு நடந்தார்.
சட்டம் இரண்டு பேருக்கும் தெரியும்.

மருந்துக்கடை வரிசையில் அவருக்குப் பின்னால் நான்.
முடிதிருத்தும் கடையில் அவர் பார்க்கும் கண்ணாடிக்குள் நான்.
ஒரு ஞாயிறு, பேத்தி என்னைக் காட்டிக் கேட்டாள்:
"மந்திரவாதியா தாத்தா?"
"ஆமாம். பணம் வரவழைப்பான்.
இன்னும் வரவில்லை."

பசிலியோவை நான் பார்த்தது ஒரே தடவை, அலுவலகத்தில்.
கையெழுத்துப் போட்டு, பேனாவை மூடி, கேட்டார்:
"இன்னும் இடது காலை இழுத்துத்தான் நடக்கிறானா?"
அந்தக் கேள்விக்குப் படிவத்தில் கட்டம் இல்லை.

போன செவ்வாய் லகாசா கறுப்பு டை கட்டி வெளியே வந்தார்.
வழக்கமான பாதை இல்லை.
பாலம் தாண்டி, தேவாலயத்துக்குள் நுழைந்தார்.
பெட்டிக்குள் பசிலியோ.

எனக்கு யாரும் சொல்லவில்லை.

அங்கே என்னைவிட ஒழுங்காக உடுத்தியவர் யாரும் இல்லை.
சவ அடக்கக் கம்பெனி ஆள் என்று பாதிப் பேர்,
மாட்ரிட்டிலிருந்து வந்த உறவு என்று மீதிப் பேர்.
கை கொடுத்தார்கள். ஒரு கிழவர்
என் தோளில் சாய்ந்து அழுதே விட்டார்.
பேசக் கூடாது என்பது விதி.
பேசவில்லை.
துக்கத்துக்கு அது பொருத்தமாகவும் இருந்தது.

தூக்க ஐந்து பேர்தான் தேறினார்கள்.
யாரோ என் முழங்கையைப் பிடித்து
ஆறாவது இடத்தில் நிறுத்தினார்கள்.
முன்னால் லகாசாவின் பிடரி. என் பத்தடி
அன்றைக்கு இரண்டடி.
நான் வசூலிக்கப் போன நாள்களிலேயே
இரண்டு கடன்காரர்களும் ஒன்றாக இருந்தது அன்றுதான்.
கொடுத்தவர் கனத்தார்.
வாங்கியவர் மூச்சு வாங்கினார்.
அவர் இடது கால் இழுபடும் ஒவ்வோர் அடிக்கும்
பெட்டி லேசாகச் சாய்ந்து நிமிர்ந்தது.
உள்ளே இருந்தவருக்குப் பதில் கிடைத்திருக்கும்.

கல்லறைச் சுவரின் நான்காம் வரிசையில் அவரைச் செருகி
கொத்தனார் சிமெண்ட் பூசினான்.
தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தேன்.
இனி யாருக்காக நடப்பது,
வேலை இன்றோடு முடிந்ததா,
நாளைக்கு இதைச் சலவைக்குப் போட வேண்டுமா
என்றெல்லாம் ஓடிற்று மனசு.

அப்போது பசிலியோவின் மனைவி அசுன்
முகத்திரையை ஒதுக்கிக்கொண்டு நேராக என்னிடம் வந்தாள்.
"ஒப்பந்தம் டிசம்பர் வரைக்கும்தானே?
திங்கட்கிழமை வந்துவிடுங்கள்.
ஒன்பதுக்கு முன்னால் அவன் வீட்டைவிட்டுக் கிளம்ப மாட்டான்."

லகாசாவின் காதில் விழுந்திருக்க வேண்டும்.
வாசல்வரை போனவர் நின்றார்.
திரும்பவில்லை.

என் குதிகால் புண்ணாகியிருந்தது.
ஷூவும் கம்பெனியுடையதுதான், ஒரு அளவு சின்னது.
நான் குனிந்து, நாடாவைத் தளர்த்தி,
நிமிரும்வரை நின்றார்.

பிறகு நடந்தார்,
மெதுவாக.