கடைசிப் போஸ்ட்

இருபத்தெட்டாம் கிழமை வந்திறங்கினாள்.
ஆயிரத்து நாற்பது கிராம்:
ஒரு சீனிச் சரை, மேலே ஒரு பிடி.
கையில் கட்டிய துண்டில் பேரில்லை,
'அனுசியாவின் பிள்ளை' என்று மட்டும்.

பெரியாஸ்பத்திரிக் கண்ணாடிப் பெட்டிக்குள்
முப்பத்தொரு நாள் ஒட்சிசன்.
பால் பொங்க விடாத கவனத்தோடு
நேர்ஸ்மார் கூட்டிக் குறைத்தபடி நின்றார்கள்.
மூச்சு நிலைத்தது.
நான் நயினாதீவுக்கு நேர்த்தி வைத்தேன்.

பிறகு கண் டொக்டர் வந்தா.
சொட்டு மருந்து, மூன்று தரம்.
இமையைக் கம்பியால் விலக்கி,
நெற்றி விளக்கோடு குனிந்தா.
அந்தப் பூனைக்குட்டிக் கத்தல் கேட்கக்கூடாதென்று
அனுசியாவைப் பால் எடுக்க அனுப்பியிருந்தோம்.
பக்கத்து அறைதான். கேட்டிருக்கும்.

இன்னும் இரண்டு செவ்வாய் பார்த்துவிட்டு
பேப்பரில் ஒரு வட்டம் கீறினா.
"ரத்தக் குழாய் நடுவிலயிருந்து விளிம்புக்குப் போகவேணும்.
இவ அவசரப்பட்டு வந்திட்டா.
பாதியில நிண்டுபோச்சு."

பத்தொன்பது வருசமாய் மின்சாரசபையில்
கம்பி இழுக்கிறவன் நான்.
லைன் போகாத இடத்தில் என்ன நடக்குமென்று
எனக்கு ஆரும் சொல்லத் தேவையில்லை.
இருட்டு கேட்கும்.
கேட்கக் கேட்கக் கொக்கி போடுவார்கள்.
கள்ள லைன், தாறுமாறாய், ஒன்றின்மேல் ஒன்று,
பாரம் தாங்காமல் ஒருநாள்
போஸ்டையே இழுத்து விழுத்தும்.

"அதேதான்," என்றா. "விழித்திரை கழண்டு வந்திடும்."

காப்பாற்றின காற்றாலையோ இது?
"அதாலயும்தான். அது இல்லாட்டி
இதைக் கதைக்கப் பிள்ளை இல்லை."

லேசர் எங்கே சுடும்?
லைன் போகாத விளிம்பை.
விளிம்பு அவியவேணும், நடு பிழைக்க.

கையெழுத்துப் போட நேரமெடுத்தது.
அராலிக்கு மேற்கே,
கடைசிப் போஸ்டிலிருந்து
நாலு வளவு தள்ளிப் பிறந்தவன் நான்.
விளிம்பைக் கைவிடுகிற கணக்கெல்லாம்
எங்கள் தலையில் எழுதினவை.
'அடுத்த கட்டத்தில் பரிசீலிக்கப்படும்':
அப்பாவின் றங்குப்பெட்டிக்குள் ஏழு கடிதம்.

போட்டேன்.

இரண்டு கண்ணுக்கும் இரண்டு மணித்தியாலம்.
வெளியில் மழை. நடுவில் ஒருக்கால் கரண்ட் போய்
ஜெனரேற்றர் உறுமி எழும்பியது.
அந்த நாலு செக்கனில்
எனக்குத் தெரிந்த எல்லாச் சுவிச்சையும்
மனதுக்குள் போட்டுப் பார்த்தேன்.

புதுவீட்டுக்கு லைன் கொடுத்தால்
ஏணியில் நின்றபடி கூப்பிடுவோம்:
"வந்திட்டுதோ?"
உள்ளேயிருந்து ஆரும் கத்துவார்கள்.

இன்றைக்குப் பெட்டியின் துவாரத்தால்
விரலை விட்டுக் கேட்டேன்.
பிடித்தாள்.
அது பதிலில்லை,
எல்லாப் பிள்ளையும் பிடிக்கும் என்கிறா அனுசியா.

அட்டையில் எழுதியிருக்கிறது:
செவ்வாய், காலை ஏழரை.
அதற்கு முன் பால் கொடுக்க வேண்டாம்.