என்ன ஆகணும்

ஸ்டான்லியில் பாஸ் கொடுக்கும் ஜன்னல்.
முன்னால் நின்றவருக்கு ஒரே சொல் போதுமாயிருந்தது:
மகன்.
அடுத்தது நான்.
நோயாளி பெயர் தயாளன், வயது ஐம்பத்திரண்டு,
எலும்பு முறிவு வார்டு, இரண்டாவது மாடி.
'உங்களுக்கு என்னா ஆவணும்?'

அவருடைய அத்தையைத்தான்
என் பெரியப்பா கட்டியிருந்தார்.
அந்த வழியாகப் போனால் அத்தான்.
என் அம்மாவின் சித்தி மகள் புஷ்பலதாவை
அவர் கட்டிக்கொண்டார்.
இந்த வழியாக வந்தால் சித்தப்பா.
இரண்டு வழியும் ஒரே வீட்டுக்குத்தான் போகின்றன:
தண்டையார்பேட்டை, முட்டுச்சந்து, மாடி போர்ஷன்.
கதவைத் தட்டிவிடலாம்.
கூப்பிடத்தான் வாய் வராது.

எனக்குப் பத்தொன்பது அப்போது.
'அத்தான் வந்திருக்கு, காப்பி கொடுடி' என்பாள் பெரியம்மா,
'அத்தான்' மட்டும் கொஞ்சம் சத்தமாக.
அவர் டம்ளரைப் பார்த்துக்கொண்டே குடிப்பார்.
அவ்வளவுதான்.
யாரும் எதையும் பேசி முடிக்கவில்லை.
பேசாததை முறிந்துபோனது என்று
யாரிடம் போய்ச் சொல்வது?

கல்யாணத்தன்று மாப்பிள்ளை வேன்
கொருக்குப்பேட்டை கேட்டில் நின்றுவிட்டது.
கூட்ஸ் வண்டி.
பின் ஸீட்டில், மடியில் சீர்த்தட்டோடு,
ஐம்பத்தேழு பெட்டி வரை எண்ணினேன்.
கேட்டுக்கு அந்தப் பக்கம் மண்டபம்,
பெண்வீட்டு ஆளாக, பட்டுப்புடவையில் அம்மா.
ஏறும்போது அத்தான்.
இறங்கியதும் அம்மா காதில் சொன்னாள்:
'இனிமே சித்தப்பான்னு கூப்புடு.
நாலு பேர் கேட்டா நல்லாயிருக்காது.'

அதன் பிறகு இருபத்தைந்து வருடமாக
'இந்தாங்க', 'கேட்டீங்களா',
'சித்திகிட்ட சொல்லிடுங்க'.
அவரும் என்னைப் பெயர் சொல்லி அழைத்ததில்லை.
தொண்டையைச் செருமுவார், நான் திரும்புவேன்.
என் பையனுக்கு ஒரு சிக்கலும் இல்லை,
எடுத்த எடுப்பில் தாத்தா என்றான்.
முப்பத்தைந்து வயது தாத்தா
அடுத்த வாரமே மீசைக்கு மை வாங்கினார்.

'யம்மா, பின்னாடி ஆளுங்க நிக்கிறாங்க.'
'சொந்தம்.'
'சொந்தம்னா எப்படிம்மா எழுதறது?
சித்தப்பாவா, பெரியப்பாவா, மாமாவா?'
மூன்று சொன்னான்.
நாலாவதை அவன் சொல்லவில்லை.
'மொதல்ல சொன்னீங்களே, அது.'

மேலே, காலைக் கயிற்றில் கட்டித் தூக்கியிருந்தார்கள்.
மினி பஸ் இடித்ததாம்.
சித்தி குளிக்க வீட்டுக்குப் போயிருந்தாள்.
செருமினார்.
திரும்பினேன்.
கையிலிருந்த பாஸைக் கேட்டு வாங்கி,
கண்ணாடி இல்லாமல் தூர நீட்டிப் படித்தார்.
'சி.அப்பான்னு போட்டிருக்கான்?'

'இடம் பத்தல' என்றேன்.

கேரியரைத் திறந்தேன்.
ரசம் கொஞ்சம் சிந்தியிருந்தது.